பங்கீட்டுக்கு இசைந்த பேரெண்

கல்யாண வீட்டில் 100 லட்டு இருக்கிறது. மூன்று பந்திக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒன்று மிஞ்சும். ஆறு பந்தியானால் நான்கு மிஞ்சும். 60 லட்டாக இருந்தாலோ இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எத்தனை பந்தி போட்டாலும் மிச்சமில்லை. 100-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 9 தாம். அதனினும் சிறிய 60-க்கோ 12 உண்டு. நாளொன்றுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிஷம் என்ற நம் பழைய கணக்கில் இந்தச் சௌகரியம் முழுதும் அமைந்திருக்கிறது.

தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுக்கும் எண்களைப் பெற்ற எண்கள் சில உண்டு. 12, 24, 36, 48, 60, 120 ஆகியவை அவ்வினம். கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து, 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற ஸ்ரீநிவாஸ ராமானுஜன், இவ்வெண்களை ஆராய்ந்து 1915-இல் நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். அதற்காகவே மறு ஆண்டு அவருக்கு பி.ஏ. பட்டம் கிடைத்தது. கட்டுரை முழுதும் அன்று அச்சேறவில்லை. லண்டன் கணித சங்கத்துக்குப் பணமுடை. எஞ்சிய பகுதி வெளிவந்தது 1997-இல்!

யந்திரத் துணையின்றி அவர் தொகுத்த நூற்றுக்கு மேற்பட்ட எண்களில் கடைசியானது 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதானால் ஆயுள் போதாது. ஆனால் வழி எளிது. இரண்டை ஆறு தடவை, மூன்றை நான்கு தடவை, ஐந்தையும் ஏழையும் இவ்விரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு தடவை எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் வரும். தடவை ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டி, 7, 5, 3, 3, பிறகு ஐந்து 2 ஆகியவற்றைப் பெருக்குக, விடை 10080. (பள்ளிப் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம், பெற்றோரும் பார்க்கலாம்.) பகா எண் பெரிதாகப் பெரிதாக அது வரும் தடவை குறையுமேயன்றிக் கூடாது என்பதையும் ராமானுஜன் நிரூபித்தார். சிறிய பகா எண்ணை அதிகம் சேர்த்தால் எண் அதிகம் பெருக்காது என்பதே அதன் சூக்ஷ்மம்.

இந்த ஜாபிதாவில் ஓர் எண் விட்டுப்போயிற்று. நம்மவர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது தேசபக்தி ஆகாது என்பது நம் கருத்து. கணிதத்தில் தாக்ஷண்யத்துக்கு இடமில்லை, ராமானுஜனே அதை விரும்பியிருக்க மாட்டார். விடுபட்ட எண் 293318625600. அதை வகுப்பவை 5040. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜாபிதாவின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் இந்த எண்ணே கிடைக்கிறது.