மனசுக்கும் வைத்தியம் உண்டு!

காய்ச்சல்னா உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். மனசு சரியில்லைன்னா மட்டும் ஏன் மூடி மறைக்கிறோம்?

எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற ஒரு பெண், ராத்தூக்கம் இல்லாமல் அழுதுகொண்டே இருந்தாள். "வெளியே தெரிஞ்சா சின்னவளுக்கு வரன் வராது" என்று பயந்து, தாயத்துக் கட்டியே மூன்று மாதம் ஓட்டினார்கள். கடைசியில் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவில் காட்டினார்கள். மருந்தும் டாக்டரின் ஆறுதல் பேச்சுமாகத் தேறி, இப்போது குழந்தையைக் கொஞ்சுகிறாள்.

மனநோயாளிகளுக்காகவே வாழ்ந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். ரிடையர் ஆனதும் ஓய்ந்துவிடவில்லை. மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சிகிச்சையோடு மறுவாழ்வும் கிடைக்க, 1984-ல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021-ல் தமது 98-வது வயதில் மறைந்தார்.

சகோதரிகளே, வீட்டில் யாராவது தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீங்க. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்க. 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த வரன் போனால் இன்னொரு வரன் வரும். போன உயிர் வருமா?

- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.