அலாரம் அடித்தால் போலீஸ் வருமா? ‘புலி வருது’ கதையான அமெரிக்க வீடுகள்!

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கு முதன்முறையாகப் போயிருக்கிறார் அம்மா. ஊர்ப் பழக்கத்தில் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் கதவைத் திறக்கிறார். அவ்வளவுதான்... வீடே அலறுகிறது! தூக்கக் கலக்கத்தில் ஓடிவரும் மகன், ரகசிய எண்ணை அழுத்தி சத்தத்தை நிறுத்துகிறார். அதற்குள் அலாரம் நிறுவனத்திலிருந்து போன். “ஒன்றுமில்லை, அம்மாதான் கதவைத் திறந்தார்” என்றால் விஷயம் முடிந்தது. போனை எடுக்காவிட்டால்? நிறுவனத்தின் அடுத்த போன் போலீஸுக்கு!

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அப்படிப் போன் போனாலும், இன்று பல நகரங்களில் போலீஸ் வராது.

நூற்றுக்கு 94 பொய்!

அமெரிக்காவில் திருட்டு அலாரத்தால் போலீஸுக்குப் போகும் அழைப்புகளில் 94 சதவிகிதமோ அதற்கு மேலோ பொய்யானவை என்கிறது, அந்நாட்டு நீதித்துறை காவலர்களுக்காக வெளியிட்ட ஒரு கையேடு. ஒவ்வோர் அழைப்புக்கும் வழக்கமாக இரண்டு போலீஸார் போக வேண்டும். சுமார் 20 நிமிடங்கள் செலவாகும்.

காரணம் பெரும்பாலும் திருடன் அல்ல, நாம்தான். தவறான எண்ணை அழுத்துவது, சரியாக மூடாத ஜன்னல், எண் தெரியாத விருந்தாளி, ஹாலில் ஓடும் நாய், பேட்டரி தீர்ந்துபோன கருவி... ஏ.சி காற்றில் ஆடும் பிறந்தநாள் பலூன்கூட சென்சாரை ஏமாற்றிவிடும்!

‘புலி வருது... புலி வருது...’ என்று விளையாட்டுக்குக் கத்திய சிறுவனின் கதைதான். நிஜப் புலி வந்த அன்று ஓடிவர ஆளில்லை.

‘ஆதாரம் எங்கே?’

இதற்கு முடிவுகட்ட நினைத்த நகரங்களில் ஒன்று, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. அங்கே 2000 டிசம்பரில் விதி மாறியது. வெறும் அலாரம் அடித்தால் முதலில் போக வேண்டியது தனியார் செக்யூரிட்டி. கதவு உடைந்திருப்பதையோ, ஆள் நடமாட்டத்தையோ அவர் பார்த்துச் சொன்னால்தான் போலீஸ் வரும். இதன்பிறகு போலீஸ் ஓட வேண்டிய அலாரம் அழைப்புகள் சுமார் 90 சதவிகிதம் குறைந்தன.

நம்மவர்கள் நிறைய பேர் வசிக்கும் டொரண்டோவில் 2018 செப்டம்பரில் இதேபோன்ற விதி வந்தது. ஐ.டி வேலைக்காக நம் பிள்ளைகள் போகும் சியாட்டிலில் 2024 அக்டோபர் 1 முதல் அமல். சியாட்டிலில் 2023-ல் மட்டும் சுமார் 13,000 அலாரம் அழைப்புகள். அவற்றில் குற்றம் உறுதியாகி, கைதோ புகார்ப் பதிவோ நடந்தது 4 சதவிகிதத்துக்கும் குறைவு!

இப்போது அங்கே அலாரம் நிறுவனம் கூப்பிட்டால் கேமரா காட்சி, ஒலிப்பதிவு, நேரில் பார்த்த சாட்சி என ஏதாவது ஓர் ஆதாரம் வேண்டும். ஆபத்தில் நாமே அழுத்தும் அவசர பட்டனுக்கு இந்தத் தடை கிடையாது. திருடனைக் கண்ணால் பார்த்து 911-க்கு நீங்களே போன் செய்தாலும் அப்படித்தான்.

வேறு பல நகரங்களில் அலாரத்தைப் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். பொய் அலாரம் திரும்பத் திரும்ப அடித்தால் அபராதம். இங்கிலாந்தில் 12 மாதங்களில் 3 பொய் அழைப்புகள் போனால், அந்த அலாரத்துக்குப் போலீஸ் வருவதே நிறுத்தப்படலாம்.

இது நியாயமா?

‘வரியும் கட்டுகிறேன், அலாரத்துக்கு மாதக் கட்டணமும் கட்டுகிறேன். போலீஸ் வராது என்றால் எப்படி?’ - வீட்டுக்காரரின் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேமரா வாங்க வசதியில்லாத சிறு கடைக்காரரின் பயமும் நிஜமானது. டாலஸ் நகரம் 2006-ல் வணிக நிறுவனங்களுக்கு இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதால் அடுத்த ஆண்டே கைவிட்டது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பலூனுக்காக இரண்டு போலீஸார் ஓடும் அந்த 20 நிமிடத்தில், அலாரமே இல்லாத வீட்டில் ஒரு பெண் உதவி கேட்டுக் காத்திருக்கலாம். போலீஸின் நேரம் அவருக்கும் சொந்தம்தானே?

பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறீர்களா?

* போன முதல் நாளே அலாரத்தை நிறுத்தும் முறையையும் ரகசிய எண்ணையும் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நிறுவனம் போனில் கேட்கும் அடையாளச் சொல்லையும்தான்.

* அலாரம் நிறுவனத்திடம் இரண்டு போன் நம்பர்களாவது கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுக்கலாம்.

* தவறுதலாக அடித்துவிட்டால் பதறி வெளியே ஓட வேண்டாம். எண்ணை அழுத்துங்கள், வரும் போனை எடுத்துப் பேசுங்கள்.

* வீட்டில் யாரும் இல்லாதபோது உடைந்த கதவைக் கண்டால் உள்ளே போகாதீர்கள். வெளியே நின்று 911-க்கு போன் செய்யுங்கள்.

* பேட்டரியை அவ்வப்போது மாற்றச் சொல்லுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னதற்குக் காசே வேண்டாம். அலாரம் சத்தம்தான் போடும். “அந்த வீட்டு ஜன்னல் உடைந்திருக்கிறது, உள்ளே யாரோ இருக்கிறார்கள்” என்று போலீஸுக்குச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி எத்தனை நாளாகிறது?