வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்தில் மின்சாரக் காருக்கு மின்னேற்றம்

வீட்டின் மொட்டை மாடியிலோ ஓட்டுக் கூரையிலோ நிறுவிய சூரியத் தகடுகளிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு, அவ்வீட்டில் நிறுத்தப்படும் மின்சாரக் காரின் மின்கலத்தை நிரப்புவது கூரைச் சூரிய மின்னேற்றம் எனப்படும். எத்தனை தகடுகள் தேவை என்பதை எளிய பெருக்கல் கணக்கிலேயே அறியலாம். ஆனால் அந்த மின்சாரம் உண்மையில் காருக்குப் போய்ச் சேருமா என்பது வேறு மூன்று செய்திகளைப் பொறுத்தது: கார் எந்நேரம் வீட்டில் நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் மின்னேற்றப்படுகிறது, மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியம் எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்பவை. இக்கட்டுரை தமிழ்நாட்டு வீடு ஒன்றின் சூழலைக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

மின்சாரம் செல்லும் வழி

சூரியத் தகடு ஒளியை நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. வீட்டில் உள்ள விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவை மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்குபவை. எனவே தகட்டுக்கும் வீட்டு இணைப்புக்கும் இடையில் இன்வெர்ட்டர் என்னும் கருவி அமைந்து, நேர்திசையை மாறுதிசையாக மாற்றித் தருகிறது. காரின் மின்கலம் மீண்டும் நேர்திசை மின்சாரத்தையே ஏற்கும். அதற்கான மாற்றத்தைக் காருக்குள்ளேயே பொருத்தப்பட்டுள்ள மின்னேற்றி செய்கிறது. சுவரில் மாட்டப்படும் பெட்டியை மக்கள் சார்ஜர் என்று அழைத்தாலும், அது மின்சாரத்தைப் பாதுகாப்பாக இணைத்துவிடும் கருவி மட்டுமே.

தகட்டு மின்சாரத்துக்குத் தனிப் பாதை எதுவும் கிடையாது. அது முதலில் வீட்டில் அந்த நேரத்தில் ஓடும் கருவிகளுக்குச் செல்கிறது. மிஞ்சினால் மின்வாரியக் கம்பிக்கு வெளியேறுகிறது. போதாவிட்டால் குறையும் பகுதி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. இந்தக் கூட்டலும் கழித்தலும் ஒவ்வொரு நொடியும் நடக்கின்றன.

காரின் தேவை

ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் பயன்பட்டால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட். சிறிய, நடுத்தர மின்சாரக் கார்கள் 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 12 முதல் 15 யூனிட் வரை எடுத்துக்கொள்கின்றன. நெடுஞ்சாலை வேகம், குளிரூட்டி, ஏற்றமான பாதை ஆகியவை இதைக் கூட்டும்.

எடுத்துக்காட்டாக, நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓடும் காரை எடுத்துக்கொள்ளலாம். 100 கிலோமீட்டருக்கு 13 யூனிட் என்றால், அதற்கு 5.2 யூனிட் தேவை. மின்னேற்றும்போது வெப்பமாகவும் பிற வகையிலும் 10 முதல் 15 விழுக்காடு வரை இழப்பு ஏற்படும். ஆகவே மீட்டரில் பதிவாகும் அளவு சுமார் 6 யூனிட். தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், ஒரு கணக்குக் காலத்தில் காருக்கு மட்டும் 360 யூனிட் ஆகிறது.

வீட்டுக்கு வழக்கமாக 300 யூனிட் செலவாகும் குடும்பம், கார் வந்த பிறகு 660 யூனிட் செலவழிக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட, ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக உயர்கிறது. காருக்கான 360 யூனிட்டும் இந்த அடுக்குகளின் மேற்பகுதியில் போய் விழுவதால், அவை வீட்டின் சராசரி விலையைவிடக் கூடுதல் விலையில் வருகின்றன. கூரைத் தகடுகள் முதலில் குறைப்பதும் இந்த மேலடுக்கு யூனிட்டுகளையே. கார் வைத்திருக்கும் வீட்டுக்குச் சூரிய மின்சாரம் கூடுதல் ஆதாயம் தருவதற்கு இதுவே காரணம்.

கூரையின் விளைச்சல்

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். இதற்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி தேவை. மேற்கண்ட காரின் 6 யூனிட்டுக்கு ஒன்றரை கிலோவாட் போதும். வீட்டுச் செலவையும் சேர்த்தால் 3 கிலோவாட் அமைப்பு பொருந்தும். அது நாளொன்றுக்கு 12 யூனிட், இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட் தரும்.

ஆண்டுச் சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் மூடியிருக்கும் நாள்களில் விளைச்சல் வெகுவாகக் குறையும். வெயில் கடுமையாக உள்ள நாள்களிலும் ஓர் இழப்பு உண்டு. தகட்டின் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேல் உயரும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறைகிறது. தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, பக்கத்துத் தென்னை ஆகியவற்றின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும், அதனுடன் தொடராக இணைந்த மற்றத் தகடுகளின் விளைச்சலும் பாதிக்கப்படலாம். தூசி படிந்த தகடுகளை அவ்வப்போது நீரால் கழுவ வேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பதால், தமிழ்நாட்டில் தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்வாக அமைக்கப்படுகின்றன.

மெதுவான மின்னேற்றத்தின் பயன்

மேற்கண்ட கணக்கு முழு நாளுக்கானது. ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் நிலைமை மாறிவிடும்.

3 கிலோவாட் அமைப்பு தெளிந்த நாளின் உச்சிப் பொழுதில் ஏறத்தாழ 2.3 கிலோவாட் தருவதாகக் கொள்வோம். குளிர்பெட்டி, மின்விசிறி முதலியவை அரை கிலோவாட் எடுத்துக்கொண்டால், காருக்கு மிஞ்சுவது 1.8 கிலோவாட். இப்போது அதே 6 யூனிட்டை இரு வழிகளில் ஏற்றலாம்.

முதல் வழி, 7.2 கிலோவாட் திறனுள்ள சுவர்ப் பெட்டி. இதில் 50 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த 50 நிமிடமும் தேவையான 7.2 கிலோவாட்டில் 1.8 மட்டுமே கூரையிலிருந்து வருகிறது. அதாவது நான்கில் ஒரு பங்கே சூரிய மின்சாரம், மீதி மூன்று பங்கு மின்வாரியத்தினுடையது.

இரண்டாம் வழி, சாதாரணப் பவர் பிளக்கில் செருகி 10 ஆம்பியர் அளவில் ஏற்றுவது. 230 வோல்ட்டில் இது 2.3 கிலோவாட் ஆகும். 6 யூனிட் ஏற இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அந்த நேரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு நெருக்கமான மின்சாரம் கூரையிலிருந்தே கிடைக்கிறது.

காரும் கூரையும் ஏற்றிய யூனிட்டும் ஒன்றே, வேகம் மட்டுமே மாறியது. வேகமான சார்ஜர் சிறந்தது என்ற பொதுவான எண்ணம், பகலில் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்த விரும்பும் வீட்டுக்குப் பொருந்தாது. எனினும் மிக மெதுவாக ஏற்றினால், காரின் மின்னணுப் பகுதிகள் நெடுநேரம் இயங்குவதால் இழப்பு சற்றுக் கூடும்.

கூரையில் மிஞ்சும் அளவுக்கேற்ப மின்னேற்ற வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் சுவர்ப் பெட்டிகளும் உள்ளன. வீட்டின் முதன்மைக் கம்பியில் ஓர் உணரியைப் பொருத்தி, மின்சாரம் வெளியேறுகிறதா உள்ளே வருகிறதா என்று இவை அறிகின்றன. இவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. காருக்கும் பெட்டிக்கும் இடையிலான தொடர்பை வரையறுக்கும் ஐ.இ.சி. 61851 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி, மின்னேற்றம் குறைந்தது 6 ஆம்பியரில் நடக்க வேண்டும். ஒற்றை முனை இணைப்பில் இது சுமார் 1.4 கிலோவாட், மும்முனை இணைப்பில் சுமார் 4.1 கிலோவாட். மிஞ்சும் மின்சாரம் இதற்குக் கீழே போனால், பெட்டி காத்திருக்க வேண்டும் அல்லது வெளி மின்சாரத்தைக் கலக்க வேண்டும். 3 கிலோவாட் கூரை உள்ள வீட்டில் மும்முனைப் பெட்டியைப் பொருத்தினால், காருக்குச் சூரிய மின்சாரம் மட்டுமே செல்லும் நேரம் ஒருபோதும் வராது.

பகலில் வீட்டில் இல்லாத கார்

காலையில் அலுவலகத்துக்குப் போய் இரவு திரும்பும் காருக்கு, கூரையின் மின்சாரம் நேரடியாகக் கிடைக்காது. சனி, ஞாயிறு நாள்களில் மட்டும் பகலில் ஏற்றினால் ஓரளவு ஈடுகட்டலாம். வீட்டின் பகல் செலவு போக நாளுக்கு 9 யூனிட் மிஞ்சுவதாகக் கொண்டால், இரண்டு நாளில் 18 யூனிட் கிடைக்கும். காரின் வாரத் தேவையான 42 யூனிட்டில் இது ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். மீதி இரவில் மின்வாரியத்திலிருந்தே வர வேண்டும்.

பகல் மின்சாரத்தை வீட்டில் தனி மின்கலத்தில் சேமித்து இரவில் காருக்கு மாற்றுவதும் இயலும். ஆனால் ஒரு மின்கலத்தை நிரப்பி, அதிலிருந்து இன்னொன்றை நிரப்புவதால் இழப்பு இருமுறை ஏற்படுகிறது. மின்கலத்தின் விலையும் சேர்கிறது.

நிகர அளவீடு

பெரும்பாலான வீடுகளில் இந்த இடைவெளியை நிரப்புவது நிகர அளவீட்டு முறையாகும். இருதிசை மீட்டர் வெளியேறும் யூனிட்டையும் உள்ளே வரும் யூனிட்டையும் தனித்தனியே பதிவு செய்கிறது. கணக்குக் கால முடிவில் ஒன்றிலிருந்து மற்றது கழிக்கப்படுகிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021 அக்டோபரில் வெளியிட்ட ஆணை, வீட்டு நுகர்வோருக்கு இம்முறைக்கு வழி செய்தது.

இம்முறையில் பகலில் கொடுத்த யூனிட்டை இரவில் அதே மதிப்பில் திரும்பப் பெறலாம். எனவே கட்டணத்தைப் பொறுத்தவரை கார் எந்நேரம் ஏற்றப்படுகிறது என்பது பெரிய வேறுபாட்டைத் தராது. ஆனால் இது கணக்கில் மட்டுமே நடக்கும் பரிமாற்றம். இரவில் காருக்குள் செல்வது அந்நேரம் இயங்கும் அனல், காற்றாலை, நீர், அணு மின்நிலையங்களின் மின்சாரமே.

இந்தச் சலுகை நிலையானதன்று என்பதற்கு வெளிநாட்டு அனுபவங்கள் உள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்த வீடுகளுக்கு, வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கான மதிப்பு பெரிதும் குறைக்கப்பட்டது. நெதர்லாந்து தன் நிகர அளவீட்டு முறையை 2027 சனவரி முதல் நாளுடன் முடிவுக்குக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. நண்பகலில் எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை வெளியே தள்ளுவதும், மாலையில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்பதும் இம்மாற்றங்களுக்கு முக்கியக் காரணம்.

இந்தியாவிலும் 2023 சூனில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு வழிவகுத்தன. அவற்றின்படி, சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் கட்டணம் கூடும். வீடுகளுக்கு இது திறன் மீட்டர் பொருத்தப்பட்ட பிறகே நடைமுறைக்கு வரும். அப்போது பகலில் ஏற்றும் பழக்கம் நேரடியாகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

மின்வெட்டின்போது

கூரையில் தகடு இருந்தால் மின்வெட்டிலும் காரை ஏற்றலாம் என்று பலர் நினைக்கின்றனர். மின்வாரியக் கம்பியுடன் இணைந்த சாதாரண இன்வெர்ட்டரில் இது நடக்காது. வெளியே மின்சாரம் நின்றவுடன், அந்த இன்வெர்ட்டரும் சில நொடிகளுக்குள் தானே நின்றுவிடும். இல்லாவிட்டால் வீட்டு மின்சாரம் வெளிக் கம்பியில் பாய்ந்து, அங்கே பழுது நீக்கும் பணியாளரின் உயிருக்கு ஆபத்தாகும். மின்வெட்டிலும் மின்சாரம் வேண்டுவோருக்கு மின்கலத்துடன் கூடிய கலப்பு வகை இன்வெர்ட்டர் தேவை.

காரின் மின்கலத்திலிருந்தே வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் முறையும் உண்டு. சப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, நிசான் நிறுவனம் தன் லீஃப் காரை வீட்டுடன் இணைக்கும் கருவியை 2012இல் அறிமுகப்படுத்தியது. இதற்குக் காரும் இணைப்புக் கருவியும் இருதிசை வசதி கொண்டவையாக இருக்க வேண்டும்.

பாதுகாப்பும் அனுமதியும்

கார் மின்னேற்றம் பல மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் இழுக்கும் பணி. எனவே மீட்டர் பலகையிலிருந்து தனிக் கம்பி, தனி எம்.சி.பி., மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., சரியான எர்த் இணைப்பு ஆகியவை கட்டாயம் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி ஏற்றினால், பிளக் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்பதையும் முன்னரே பார்க்க வேண்டும்.

மைய அரசு 2018 திசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வீடுகளிலும் அலுவலகங்களிலும் சொந்த வாகனங்களுக்கு மின்னேற்றம் செய்ய அனுமதித்தன. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகள், வாகன மின்னேற்றத்துக்கெனத் தனி இணைப்புப் பெறவும், 10 கிலோவாட் வரையிலான கூரை அமைப்புகளைத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வின்றி நிறுவவும் வழி செய்தன. தனி இணைப்பு எடுக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூரையின் வரவு வீட்டு மீட்டரில் பதிவாகும்போது, வேறு மீட்டரில் ஏறும் காரின் செலவு அதில் கழியாமல் போகலாம்.

மானியமும் திட்டமிடலும்

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. மொத்த மானியத்தின் உச்சவரம்பு 78,000 ரூபாய். 3 கிலோவாட்டுக்கு மேல் நிறுவினாலும் இத்தொகை கூடாது.

திட்டமிடும் குடும்பம் முதலில் அறிய வேண்டியவை இரண்டு: கடந்த ஓராண்டின் மின்கட்டண அட்டையில் உள்ள யூனிட்டுகள், கார் நாளொன்றுக்கு ஓடப்போகும் தூரம். அவற்றைக் கூட்டினால் தகட்டின் அளவு தெரியும். அடுத்து, வாரத்தில் எத்தனை நாள் காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை கார் வீட்டில் நிற்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து பணி செய்வோர், ஓய்வு பெற்றோர், பகலில் இரண்டாவது கார் வீட்டில் நிற்கும் குடும்பங்கள் ஆகியோருக்குப் பவர் பிளக்கில் மெதுவாக ஏற்றும் முறையே பெரும்பாலும் போதுமானது. மற்றவர்கள் கட்டண மிச்சத்துக்கு நிகர அளவீட்டையே நம்பியிருப்பதால், அதன் விதிகள் மாறினால் தங்கள் கணக்கும் மாறும் என்பதை முதலீட்டுக்கு முன்பே கருத்தில் கொள்ள வேண்டும்.