மருந்து பாட்டிலைத் திறக்குறதுக்கு முன்னாடி

"அண்ணே, மீன் ஒரு மாதிரியா இருக்கு, என்ன மருந்து ஊத்தலாம்?" கொளத்தூர்ல ஞாயித்துக்கிழமை எந்த மீன் கடை வாசல்ல நின்னாலும் இந்தக் கேள்வி காதுல விழும். கடைக்காரரும் நீல மருந்து ஒண்ணை எடுத்துக் கையில குடுத்துருவார். எல்லா நோவுக்கும் அதே நீலம்தான். இன்னைக்கு நாம மருந்துப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளி வச்சுட்டு, மீனைப் பாத்தே என்ன கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பாக்கலாம்.

முதல் கேள்வி இதுதான்: ஒரு மீனுக்கா, எல்லா மீனுக்குமா?

நேத்து வரைக்கும் நல்லா இருந்த மோலி, ஏஞ்சல், டெட்ரானு எல்லாமே விடிஞ்சு பாக்கும்போது ஒண்ணா சோர்ந்து கிடந்தா, பெரும்பாலும் கோளாறு தண்ணியிலதான். நோய் அப்படி வராது. ஒண்ணுல ஆரம்பிச்சு, ரெண்டு மூணு நாள்ல அடுத்ததுக்குப் போகும். ஒண்ணு மட்டும் ஃபில்டர் பின்னால ஒதுங்கி நிக்குது, மத்ததெல்லாம் தீனிக்கு முட்டிமோதுதுன்னா அந்த மீனுக்கு நோய் இருக்கலாம். இல்லைன்னா வேற ஒரு மீன் அதை விரட்டி விரட்டிக் கடிக்குது. வால் ஓரம் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க.

பாக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. தொட்டிகிட்டப் போய் நின்னா, தீனி வருதுன்னு நோஞ்சான் மீன்கூட ஓடி வரும். நாலடி தள்ளி உக்காந்து, தீனி போடுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா பாருங்க. காலையில லைட் போட்டதும் நியான் டெட்ரா வெளுத்துப் போய்த் தெரிஞ்சா பதறாதீங்க. ராத்திரியில அதுக்கு நிறம் மங்குறது இயல்புதான், கொஞ்ச நேரத்துல திரும்பிரும்.

இப்போ செவுள் மூடியைக் கவனிங்க. நல்லா இருக்கிற மீனுக்கு அது அசையுறதே பெருசாத் தெரியாது. மூடி விரிஞ்சு வேகமா அடிச்சுக்குதுன்னா மீனுக்கு மூச்சு போதலை. ஒரு பக்கம் மட்டும் மூடியே இருந்து மறு பக்கம் அடிச்சுக்கிட்டா, செவுள்ல ஒட்டுண்ணியோ காயமோ இருக்கலாம்.

அடுத்து, தண்ணி மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுறது. 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில ஏழரைதான். மே மாசம், ராத்திரி கரண்ட் கட், ஏர் பம்ப் நின்னுபோச்சு. காலையில மீனெல்லாம் மேல மிதந்தா ஆச்சரியம் என்ன? ஆனா ஃபைட்டரும் கௌராமியும் மேல வந்து காத்தைக் குடிக்கிறது நோயில்ல, அதுங்க சுவாசமே அப்படித்தான்.

ஏர் பம்ப் நல்லா ஓடுது, அப்பவும் மேலயே தவிக்குதுன்னா அமோனியாவைச் சந்தேகப்படுங்க. மீனோட கழிவு, தின்னாம விட்ட தீனி எல்லாம் அமோனியாவாகும். ஃபில்டர்ல குடியிருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவா கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில இந்த பாக்டீரியா வளர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். நாம வாங்கின அன்னைக்கே இருபது மீனை விட்டுர்றோம்! பழைய தொட்டியிலயும் அமோனியா ஏறும். ஸ்பாஞ்சைக் குழாயடியில பளிச்சுனு கழுவினா, குளோரின் அத்தனை பாக்டீரியாவையும் தீர்த்துரும். தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே அலசுங்க. இன்னொண்ணு, தண்ணியோட பி.எச். 7-ல இருந்து 8 ஆனா, அதே அமோனியாவோட விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்காயிரும்.

இப்போ எல்லாரும் பயப்படுற வெள்ளைப்புள்ளி. உடம்பு, துடுப்பு, வால்னு எங்கயும் பொடி உப்பைத் தூவின மாதிரி இருக்கும். மீன் கல்லுல உடம்பைத் தேய்க்கும், துடுப்பை மடக்கி வச்சுக்கும். மழைக்காலத்துல தண்ணி சட்டுன்னு குளிர்ந்தா இது அதிகமா வரும். அந்தப் புள்ளி தோலுக்கு அடியில இருக்கிற ஒட்டுண்ணி. அங்க இருக்கிற வரைக்கும் மருந்து அதைத் தொடாது. அது உதிர்ந்து, தரையில ஒட்டி, நூத்துக்கணக்குல பிரிஞ்சு, குட்டிகள் நீந்தி வரும்போதுதான் சாகும். அதனால மூணாம் நாள் புள்ளி மறைஞ்சதும் மருந்தை நிறுத்தினா, அடுத்த வாரம் இரட்டிப்பா வரும். புள்ளி மறைஞ்ச பிறகும் ஒரு வாரமாவது தொடருங்க.

ஆனா கோல்டு ஃபிஷ்ஷுக்குச் செவுள் மூடியிலயும் முன் துடுப்போட முதல் முள்ளுலயும் மட்டும் வரிசையா வெள்ளைப் பொட்டு இருந்தா, அது இனப்பெருக்கத்துக்குத் தயாரான ஆண். அதுக்கும் மருந்து ஊத்தி வதைக்கிறவங்க உண்டு. புள்ளி இன்னும் பொடியா, மஞ்சளா இருக்குன்னு தோணினா, லைட்டை அணைச்சுட்டு டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க. தங்கத்தூள் மின்னினா அது வெல்வெட், வேற நோய்.

வாயில பஞ்சு மாதிரி வந்தா எல்லாரும் பூஞ்சைன்னு சொல்லுவாங்க. பல நேரம் அது பாக்டீரியா. தண்ணியைச் சூடாக்கினா இன்னும் வேகமாப் பரவும். வயிறு உப்பி, மேல இருந்து பாத்தா செதிலெல்லாம் தூக்கி நின்னா, உள்ள சிறுநீரகம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். நேராச் சொல்லிர்றேன், அது பிழைக்கிறது அபூர்வம்.

அப்போ முதல் உதவி? கால் பங்கு தண்ணியை மாத்துங்க, புதுத் தண்ணியில குளோரினை முறிச்சுட்டு விடுங்க. ஒரு நாள் தீனியை நிறுத்துங்க. நோய்னு உறுதியானா அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாத்தி அங்க வைத்தியம் பண்ணுங்க. வெள்ளைப்புள்ளி, வெல்வெட் மட்டும் விதிவிலக்கு, தொட்டி முழுக்கப் பரவியிருக்கும், அங்கேயே மருந்து குடுக்கணும். ஆனா நீல மருந்தைப் பெரிய தொட்டியில ஊத்தினா ஃபில்டர் பாக்டீரியாவும் சாகும், மறுபடி அமோனியா ஏறும். மனுஷன் சாப்பிடுற ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரிச்சுக் கொட்டுற பழக்கத்தைத் தயவுசெஞ்சு விடுங்க.

அடுத்த தடவை கடைக்குப் போறப்ப செத்த மீனைக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க. ஒரு பாட்டில் தொட்டித் தண்ணியைக் கொண்டு போய், அமோனியா டெஸ்ட் பண்ணித் தரச் சொல்லுங்க. பண்ண மாட்டேன்னா, மருந்துக்கு வச்சிருந்த காசுல ஒரு டெஸ்ட் கிட் வாங்கிட்டு வாங்க.