டிஜிட்டல் அளவைகள்: பேரளவும் சிற்றளவும்

மைசூர் மாவட்டத்தில் கபினி ஆற்றங்கரையில் அமைந்த நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேசுவரர் ஆலயத்தால் பெயர் பெற்றது போலவே, ரசபாளே என்னும் வாழை வகையினாலும் பெயர் பெற்றது. புவிசார் குறியீடு பெற்ற இவ்வாழையின் சாகுபடி, பனாமா வாடல் நோயினால் வெகுவாகக் குறைந்துவிட்டது. நோயை விளைவிக்கும் பூஞ்சணம் மண்ணிலேயே பல்லாண்டுகள் தங்கியிருக்கும் இயல்புடையது. ஆகவே, எந்தத் தோட்டத்தில் எந்த வாழை எப்போது வாடிற்று என்னும் பதிவு மிக்க மதிப்புடையதாகும். வெட்டி அகற்றிய வாழையை மீண்டும் படமெடுக்க இயலாதன்றோ!

இத்தகைய பணியில் ஈடுபட்ட கள அலுவலர் ஒருவர், ஒவ்வொன்றும் 4 மெகாபைட் அளவுள்ள 8,000 படங்களை எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 32,000 மெகாபைட். அதாவது 32 ஜிகாபைட். அவற்றை அலுவலகக் கணினியில் சேர்த்ததும், அது 29.8 ஜிகாபைட் என்று காட்டுகிறது. குறைந்த 2.2 ஜிகாபைட் எங்கே போயிற்று? ஏறத்தாழ 550 படங்கள் தொலைந்தனவோ என்று அவர் அஞ்சக்கூடும். உண்மையில் ஒரு படமும் தொலையவில்லை. அளவுகோல் மட்டுமே மாறியிருக்கிறது.

இதன் காரணம் யாது? கணினி அறியும் மிகச் சிறிய அளவு ‘பிட்’ எனப்படும். அது பூஜ்யம் அல்லது ஒன்று என்னும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு ‘பைட்’. கணினியின் நினைவகம் இரண்டிரண்டாகப் பெருகும் அமைப்புடையது. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 கிடைக்கும். இது ஆயிரத்துக்கு மிக அருகில் இருப்பதால், தொடக்க காலத்துப் பொறியாளர்கள் இதனையும் ‘கிலோ’ என்றே வழங்கினர். ஆனால் மெட்ரிக் முறையில் கிலோ என்பது 1,000 மட்டுமே.

இரண்டால் பகுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அரை, கால், அரைக்கால், மாகாணி என்பவை யாவும் பாதி பாதியாகப் பகுத்த அளவுகளே. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பதும் அவ்வாறே. 1957 ஏப்ரல் முதல் தேதியன்று ரூபாய் 100 நயா பைசாவாகப் பகுக்கப்பட்டபோது, ‘பைசா’ என்னும் ஒரே சொல் இரு மதிப்புகளைக் குறித்தது. முன்பு ரூபாய்க்கு 64 பைசா; பின்பு 100. குழப்பம் நேராதிருக்கவே ‘நயா’ என்னும் அடைமொழி சேர்க்கப்பட்டது.

டிஜிட்டல் அளவைகளுக்கும் அத்தகைய அடைமொழி வகுக்கப்பட்டுள்ளது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் 1,024-இன் அடுக்குகளுக்குக் கிபி, மெபி, ஜிபி, டெபி என்னும் தனி முன்னொட்டுகளை ஏற்றது. இதன்படி ஒரு ஜிகாபைட் 100 கோடி பைட்; ஒரு ஜிபிபைட் 107,37,41,824 பைட். நம் அலுவலரின் படங்கள் 3,200 கோடி பைட். இதனை ஜிபிபைட்டின் மதிப்பால் வகுத்தால் 29.8 வரும். விண்டோஸ் கணினிகள் இவ்வாறு வகுத்துவிட்டு, விடைக்கு ஜிகாபைட் என்றே பெயரிடுகின்றன. மேக் கணினிகளோ 2009 முதல் ஆயிரத்தின் அடுக்குகளையே கொள்கின்றன. அளவு பெருகப் பெருக வேறுபாடும் பெருகும்: கிலோவில் 2.4 சதவீதம், மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறத்தாழ 10.

இரண்டாவது பிழை இதனினும் பெரிது. சேமிப்பைப் பைட்டிலும், இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும் கூறுவது வழக்கம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து பைட்டையும் சிறிய எழுத்து பிட்டையும் குறிக்கும். தமிழில் அவ்வேறுபாடு இல்லை. ‘எம்பி’ என்று எழுதினால் இரண்டுமே ஒன்றாகிவிடும். 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம், கிராமப் பஞ்சாயத்துக்கு நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தை இலக்காகக் கொண்டது. இது 12.5 மெகாபைட்டுக்கே சமம்.

32 ஜிகாபைட் என்பது 2,56,000 மெகாபிட். நொடிக்கு 100 மெகாபிட் முழுமையாகக் கிடைத்தாலும், அனுப்ப 42 நிமிடம் 40 விநாடி ஆகும். பிட்டைப் பைட் என எண்ணியவர் 5 நிமிடம் 20 விநாடி போதுமென்று கணக்கிடுவார். பலர் பகிரும் இணைப்பில் நொடிக்கு 4 மெகாபிட் மட்டுமே கிடைத்தால், அதே பணிக்கு 17 மணி 46 நிமிடத்திற்கு மேலாகும். கடைசி நாள் மாலையில் அனுப்பலாம் என்று காத்திருப்பவர் தவணையைத் தவறவிடுவது திண்ணம்.

எனவே களப்பணியாளர் மூன்று விதிகளைக் கைக்கொள்ளுதல் நலம். ஒன்று, பேரளவைச் சிற்றளவாக்கப் பெருக்குக; சிற்றளவைப் பேரளவாக்க வகுக்க; பெருக்குவதும் வகுப்பதும் 1,000-ஆலா 1,024-ஆலா என்பதை முன்னரே குறித்துக்கொள்க. இரண்டு, பிட், பைட் என்னும் சொற்களைச் சுருக்காமல் முழுமையாக எழுதுக. மூன்று, மூலப் படங்களை அழிக்குமுன் கோப்புகளின் எண்ணிக்கையையும் பைட் எண்ணையும் இரு கருவிகளிலும் ஒப்பிடுக. சில படங்களைத் திறந்தும் பார்க்க. ஜிகாபைட் எண் மாறுபடலாம். பைட் எண் மாறுபடலாகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஒரு கோப்பின் பைட் எண்ணைக் கரும்பலகையில் எழுதி, மாணவரில் ஒரு பகுதியினரை 1,000-ஆலும், மறுபகுதியினரை 1,024-ஆலும் மும்முறை வகுக்கச் செய்க. விடைகள் இரண்டாக வரும், கோப்போ ஒன்றே. அலகின் பெயரைச் சரியாகச் சொல்லாத எண், அளவாகாது என்பதை அவர்கள் தாமே உணர்வர்.