மூளைக்குள் ஒரு கத்தரிக்கோல்

நாம் உண்ணும் பருப்பிலுள்ள புரதத்தை இரைப்பையில் வெட்டித் துண்டாக்குவது பெப்சின் என்னும் நொதி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு உறவு முறையான இன்னொரு கத்தரிக்கோல் நம் மூளையில் இருக்கிறது. அதன் பெயர் பீட்டா செக்ரிடேஸ். அதை உருவாக்கும் மரபணுவுக்கு ‘பேஸ்-1’ என்று பெயர். அது நமது 11-ஆவது குரோமோசோமில் உள்ளது.

இந்தக் கத்தரிக்கோலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், நினைவாற்றலை இழந்து மறைந்த ஒரு பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்புச் செல்களுக்கு இடையே விசித்திரமான படிவுகள் காணப்பட்டன. அவை பெரும்பாலும் ‘பீட்டா அமிலாய்டு’ என்னும் சிறு புரதத் துண்டுகளால் ஆனவை என்பது 1980-களின் நடுவில்தான் தெரிய வந்தது.

இத்துண்டு எப்படி உண்டாகிறது? துணியில் குத்தி நிற்கும் ஊசியைப் போல, செல்லின் சவ்வை ஊடுருவி நீண்ட புரதம் ஒன்று நிற்கிறது. பீட்டா செக்ரிடேஸ் முதலில் அதன் வெளிப்பகுதியை வெட்டுகிறது. பிறகு காமா செக்ரிடேஸ் சவ்வுக்குள்ளேயே மறுபடி வெட்டுகிறது. இடையில் உதிர்வதே பீட்டா அமிலாய்டு. அதில் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் இருக்கும். 42 உள்ளது எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆல்ஃபா செக்ரிடேஸ் என்ற மூன்றாவது கத்தரிக்கோல் முந்திக்கொண்டால், அது இத்துண்டின் நடுவிலேயே வெட்டிவிடும், தொல்லையில்லை!

இயற்கையே இதற்குச் சான்று தருகிறது. சுவீடன் நாட்டுக் குடும்பம் ஒன்றில், பீட்டா செக்ரிடேஸ் வெட்டும் இடத்தை ஒட்டி இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருப்பது 1992-இல் தெரிந்தது. அங்கே வெட்டு எளிதாக விழுகிறது. நோய் வழக்கத்தைவிட முன்னதாகவே வருகிறது. ஐஸ்லாந்தில் சிலருக்கு அருகிலேயே வேறொரு மாற்றம் இருப்பது 2012-இல் அறியப்பட்டது. அவர்களிடம் வெட்டு குறைகிறது; நோயும் அரிதாகிறது.

1999-இல் இந்நொதி கண்டறியப்பட்டது. மறு ஆண்டே எக்ஸ் கதிர்ப் படிகவியல் அதன் வடிவத்தைக் காட்டியது. பேஸ்-1 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் பீட்டா அமிலாய்டு உண்டாகவில்லை. அப்படியானால் கத்தரிக்கோலை மழுங்கடித்தால் போதுமே என்று நீங்களும் நினைப்பீர்கள். மருந்து நிறுவனங்களும் அப்படியே நினைத்தன. மருந்துகள் பீட்டா அமிலாய்டின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கின. ஆனால் நோயாளிகளின் நினைவு திரும்பவில்லை. சிலருக்கு மேலும் மங்கியது. 2017 முதல் 2019 வரை இச்சோதனைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன.

காரணம் என்ன? மின்கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோல் நரம்பிழைக்கு மையலின் உறை உண்டு. அவ்வுறை சரிவர உருவாக உதவும் புரதத்தை வெட்டித் தருவதும் இதே பீட்டா செக்ரிடேஸ்தான்! மேலும், மறதி தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே படிவுகள் சேரத் தொடங்கிவிடுகின்றன.

இப்போது ஐஸ்லாந்து மக்களை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் கத்தரிக்கோல் பழுதாகவில்லை. ஒரே ஒரு புரதத்தில் மட்டும் அதன் வெட்டு சற்றுக் குறைகிறது, அதுவும் பிறவியிலிருந்தே. மருந்தோ எல்லா வெட்டுகளையும் ஒருசேரத் தடுத்தது, அதுவும் முதுமையில். எவ்வளவு குறைப்பது, எப்போது குறைப்பது என்பதே இன்றைய கேள்வி. படிவுகளை அகற்றும் லெகனேமாப் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. அது நோயின் வேகத்தை ஓரளவு தணிக்கிறது, குணப்படுத்துவதில்லை.

எனவே, வீட்டில் பாட்டி ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்டால் சிடுசிடுக்காதீர்கள். மறதி எல்லாம் இந்நோய் ஆகாது. மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பத்தாவது முறையும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். வேண்டுமென்றே எவரும் மறப்பதில்லை.