சித்திரவதையை நிறுத்துவது தர்மமா, அரசியலா?

சிறையில் சித்திரவதை பட்டவரின் குடும்பத்துக்குப் பண உதவி செய்தால் அது தர்மம். அந்தச் சித்திரவதையை நிறுத்துங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டால் அது அரசியல். கொஞ்சம் விநோதமா இருக்கில்ல? ஆனால் இங்கிலாந்தின் அறக்கட்டளைச் சட்டம் ரொம்ப நாள் இப்படித்தான் பிரித்துப் பார்த்தது.

அங்கே எது அறப்பணி என்பதற்கு 1601ஆம் வருடச் சட்டத்தின் முகவுரைதான் வேர். 1891ல் பெம்செல் வழக்கில் அதை நான்கு தலைப்பில் அடக்கினார்கள்: வறுமை நீக்கம், கல்வி, மதம், சமூகத்துக்குப் பயன்படும் பிற காரியங்கள். இதில் ஒன்றுக்குள் வந்தால்தான் வரிச்சலுகை. மனித உரிமை எங்கே வரும்?

1981ல் இந்தக் கேள்வி நேராகவே கோர்ட்டுக்கு வந்தது. ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் நிறுவிய ஒரு அறக்கட்டளையின் வழக்கு அது (மெக்கவர்ன் வழக்கு என்பார்கள்). மனித உரிமை ஆராய்ச்சி மட்டும் என்றால் சரி என்றார் நீதிபதி ஸ்லேட். ஆனால் மனசாட்சிக் கைதிகளை விடுவிக்க வைப்பது, சித்திரவதையை ஒழிப்பது இரண்டும் அரசியல் நோக்கம். ஒரு நோக்கம் தேறவில்லை என்றாலும் மொத்த அறக்கட்டளையும் போச்சு.

அவர் சொன்ன காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு சட்டத்தை மாற்றுவது மக்களுக்கு நல்லதா கெட்டதா என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் வேலை. கோர்ட் அதில் எப்படி இறங்கும்? வெளிநாட்டு அரசு சம்பந்தப்பட்டால் இன்னும் சிக்கல்.

2006ல் நாடாளுமன்றமே பதில் சொன்னது. புதிய சட்டத்தின் அறப்பணிப் பட்டியலில் 'மனித உரிமைகளை முன்னேற்றுவது' சேர்ந்தது. அதோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அரசியல் நோக்கம் கூடாது என்ற பழைய விதி அப்படியே நின்றது.

ஒருபாலுறவைக் குற்றமாக்கும் சட்டங்களை எதிர்த்து வழக்கு நடத்த உதவும் ஹியூமன் டிக்னிட்டி டிரஸ்டைப் பதிவு செய்ய அறக்கட்டளை ஆணையம் மறுத்தது. 2014ல் தீர்ப்பாயம் அதை மாற்றியது. ஒரு நாட்டின் சட்டம் அந்த நாட்டின் அரசியலமைப்புக்கே பொருந்துகிறதா என்று கோர்ட்டில் கேட்பது, இருக்கும் சட்டத்தைக் காப்பதுதான். புதுச் சட்டம் கேட்பது அல்ல என்பதே அதன் வாதம்.

எனக்கு இது நல்ல அளவுகோலாகப் படுகிறது. கட்சி அரசியலுக்கு வரிச்சலுகை வேண்டாம், சரி. ஆனால் அரசாங்கமே ஒப்புக்கொண்ட உரிமையைக் கொடு என்று கேட்பது கட்சி அரசியல் இல்லை. காயத்துக்கு மருந்து போடுவது தர்மம் என்றால், அடிக்கிற கையைப் பிடிப்பதும் தர்மம்தானே?